குனோங் ராபாட்டில் ஒரு துரோஃபிம்

ஈப்போவில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் சித்தப்பா மாணிக்கம் உயிரோடு இருந்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. துறையூரிலிருந்து என்னை வரவழைத்ததே அவருக்குக் கொள்ளி வைப்பதற்காக. "இன்னிக்கோ நாளைக்கோலா. உடனே ஏறி வா" என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு போனில் சொன்னவர் கோவிந்தன் அண்ணன். சித்தப்பாவுக்குத் தூரத்துப் பங்காளி, அங்கே ஒரு கோயிலுக்குத் தலைவர். டிக்கெட்டும் அவரே போட்டுவிட்டார். மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகலாம் என்று எடுத்து வைத்திருந்த என் பாஸ்போர்ட், முதன்முதலாக ஒரு சாவுக்குத்தான் பயன்பட்டது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் பஸ்ஸைத்தான் பார்க்கும். கோலாலம்பூரிலிருந்து வந்த பஸ்ஸில் இருக்கை தொட்டில் மாதிரி இருந்தது, குளிர் எலும்பைத் துளைத்தது, கண்டக்டர் மட்டும் கிடையாது. பாதி வழியில் வண்டி புகைந்து நின்றது. எங்கள் ஊராக இருந்தால் நாலு பேர் இறங்கி இன்ஜினைத் திறந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் சத்தமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைச் சீனப் பெரியவர் ஒரு பொமலோப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். நம் பம்ப்ளிமாஸ்தான், ஆனால் சர்க்கரையாக இனித்தது. சாவு வீட்டுக்குப் போகிறவன் இப்படி ருசித்துத் தின்னலாமா என்று ஒரு சுளையிலேயே எனக்குக் கூச்சம் வந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தவன் வெள்ளைக்காரன். செம்பட்டை முடி, வெயிலில் கன்றிப்போன முகம், பச்சைக் கண். கையில் இரண்டு ஹெல்மெட். நான் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"ராசு அண்ணன்தானே? வாங்கண்ணே. நான் மாணிக்கம் மகன்" என்றான்.

சித்தப்பாவுக்குப் பிள்ளையில்லை என்றுதான் கோவிந்தன் அண்ணன் சொல்லியிருந்தார். நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். "பேரென்ன தம்பி?"

"துரோஃபிம். தாமான்ல எல்லாரும் ரஷ்யான்னு கூப்புடுவாங்க. நீங்க எப்படி வேணும்னாலும் கூப்புடுங்கண்ணே."

மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகப் போனான். பெரிய ரோடு பக்கத்திலேயே தெரிந்தது. ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன். "மெயின் ரோட்டுல சில நேரம் மாத்தா நிப்பாங்கண்ணே. எனக்கு ஐ.சி. இல்ல" என்றான். மாத்தா என்றால் போலீஸ்; ஐ.சி. என்றால் அடையாள அட்டை. அந்த நாட்டில் அது இல்லாதவன் இல்லாதவன்தான்.

சித்தப்பாவின் வீடு குனோங் ராபாட்டில். தாமான் என்று அவன் சொன்ன குடியிருப்பின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை செங்குத்தாக நிற்கிறது. ஒரு பக்கம் வெட்டி எடுக்கப்பட்டு, பாதி தின்ற கற்கண்டு போல வெள்ளையாகத் தெரிந்தது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் சித்தப்பா கிடந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவரிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. சத்து குறைந்திருக்கிறது, தேறிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் குனிந்து, "சித்தப்பா" என்றேன். கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு தடவை, சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று வந்தபோது எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். அப்போது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது.

"ராசுவா? யாரு வரச் சொன்னா? கோவிந்தனா?"

நான் தோள்பையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"அப்ப முடிஞ்சு போச்சுன்னு சொல்லு" என்றார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த வீட்டுக்கு நான்தான் மணியோசை. இந்தியாவிலிருந்து அண்ணன் மகன் வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் தெரியாதா? சித்தப்பாவின் சம்சாரம், என் சின்னம்மா, சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரோஃபிம் சித்தப்பாவின் காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அவன் மருந்து வாங்கப் போன நேரத்தில் சித்தப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நீ வந்தது சந்தோசம்டா. ஆனா நீ சும்மா பக்கத்துல நில்லு. கொள்ளி அவன்தான் வைக்கணும். கோவிந்தன் குறுக்க வருவான், நீதான் பேசணும்." நான் சரி என்று சொல்லி அவர் கையைப் பிடித்தேன். அந்தக் கை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை.

மறுநாள் காலையில் ரொட்டி சானாய் வாங்கிவந்தான் துரோஃபிம். நம் பரோட்டாவின் தம்பி, ஆனால் சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு. சாப்பிடும்போது சின்னம்மா அவன் கதையைச் சொன்னார். சுங்காய்ப் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகன், டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போனான். பட்டம் வாங்காமல், மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். தாய்க்காரி அங்கேயே இருந்துவிட்டாள், கல்யாணமும் ஆகவில்லை. "ரெண்டு மாசம் பாத்துக்குங்கக்கா, வந்து கூட்டிக்கிறேன்" என்று சின்னம்மாவிடம் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போனவன்தான். அப்புறம் சேதியே இல்லை.

"வந்தப்ப ஒரு வார்த்த தமிழ் தெரியாது தம்பி. என்னென்னமோ பேசிக்கிட்டு அழுவான். மனுசன் தோள்ல தூக்கிக்கிட்டு மரம் வெட்டப் போவாரு. ஒரு வருசத்துல அந்தப் பாஷை பூரா மறந்து போச்சு. பேரு மட்டும்தான் மிச்சம்."

அந்தப் பெயரால்தான் ஐ.சி.யும் கிடைக்காமல் போயிற்று. பதினெட்டு வயதானபோது ஒரு ஏஜென்ட் வந்து வழி சொன்னானாம். தோட்டத்தில் பிறந்த பிள்ளை, பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டது, பெயர் முருகன் என்று எழுதிக்கொடுத்தால் சாட்சிக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று. சித்தப்பா முடியாது என்றுவிட்டார். "பெத்தவ அவனுக்குக் குடுத்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கணுமா?" என்று கேட்டாராம். எனக்கு அதைக் கேட்டபோது சித்தப்பாமேல் மரியாதையும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் அப்பாவையும் சித்தப்பாவையும் பிரித்ததே ஒரு காகிதம்தான். வேலை பெர்மிட் இல்லாத தோட்டத்துத் தமிழர்கள் கப்பலேறித் திரும்பிய காலத்தில் அப்பா திரும்பினார், பெர்மிட் கிடைத்த தம்பி தங்கினார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் காகித விஷயத்தில் இத்தனை பிடிவாதம் பிடித்திருக்க வேண்டாம்.

சின்னம்மா கிறிஸ்துவர், சித்தப்பா கடைசிவரை சாமி கும்பிட்டவர். அதில் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை. "ரஷ்யாப் பேருன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எங்க வேதத்துலயே அந்தப் பேரு இருக்கு" என்றார் சின்னம்மா. "துரோப்பீமு. அப்போஸ்தலரோட கப்பல்ல போனவரு. சின்னப் பிள்ளையில அதைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவேன்."

கோவிந்தன் அண்ணன் பத்து மணிக்கு வந்தார். கஞ்சி போட்ட சட்டை, மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. வாசலிலேயே என்னை நிறுத்திப் பேசினார். "சித்தப்பா ஆயிரம் சொல்லுவாரு. ரஷ்யாப் பையன் நல்ல பையன்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எந்தக் குலம், எந்த ரத்தம்? சர்ச்சுக்கு வேற போறான். அவன் கையால வாங்குனா மேல போய்ச் சேருமா? தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்பாங்க. அதுக்குத்தான்லா உன்னை வரச் சொன்னது."

"நான் சித்தப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேண்ணே" என்றேன். "பாக்கலாம்" என்றுவிட்டு உள்ளே போய்ச் சித்தப்பாவுக்கு விபூதி வைத்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கியதும் அவர்தான்.

மத்தியானம் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்க டவுனுக்குப் போனேன். வேலை முடிந்ததும் பழைய கடைத்தெருவில் ஒரு சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்தேன். ஈப்போவின் வெள்ளைக் காப்பி பேர் பெற்றது என்றார்கள். பால்கோவாவைக் கரைத்த மாதிரி இருந்தது. கும்பகோணத்துக்காரன் குடித்தால் கண்ணீர் விடுவான். கூட்டம் அதிகம், என் மேசையில் ஒரு இளம் வெள்ளைக்காரத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். எந்த நாடு என்று என் கண்டக்டர் இங்கிலீஷில் கேட்டேன். ரஷ்யா என்றார்கள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது.

துரோஃபிம் என்ற பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்து, "த்ரஃபீம்" என்று திருத்தினாள். "இப்போது யாரும் வைப்பதில்லை. கிராமத்துக் கிழவர்களின் பெயர். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்கு இருந்ததாம்." கணவன், "எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பூனைக்கு அந்தப் பெயர்" என்றான். அர்த்தம் கேட்டேன். அவள் போனில் தேடினாள். கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஊட்டி வளர்க்கப்பட்டவன் என்று பொருள் என்றாள். பெற்ற வீட்டை விட்டு இன்னொரு வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கும் அந்தக் காலத்தில் அந்தச் சொல்தானாம். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவனைப் பற்றிச் சொன்னேன். காகிதம் இல்லை என்று சொன்னதும் கணவனின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "என்ன ஆனாலும் அவனை அங்கே அனுப்பிவிடாதீர்கள்" என்றான். "எங்கள் வயது ஆம்பிளை கையில் கிடைத்தால் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஊர் சுற்ற வரவில்லை. திரும்பிப் போகாமல் இருக்கிறோம்." அவள் அவன் கையைத் தட்டிப் பேச்சை நிறுத்தினாள். போகும்போது அந்தப் பையனுக்கு என்று ஒரு பன் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் சித்தப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பால் இறங்கவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. கோவிந்தன் அண்ணனும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிப் பேசினார்கள். "மண்ணாசைலா. பொறந்த தோட்டத்து மண்ணு இழுக்குது. ஒரு பிடி கொண்டாந்து கரைச்சு ஊத்துனா நிம்மதியாப் போயிருவாரு." எங்கள் ஊரிலும் இந்த வழக்கம் உண்டு. நிலத்தாசை பிடித்தவனுக்கு மண், பணத்தாசை பிடித்தவனுக்குக் காசைக் கழுவிய தண்ணீர். ஆகவே எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தோட்டம் இருந்த இடம் இப்போது முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீடு எங்கே இருந்தது என்று அடையாளம் தெரிந்தவன் துரோஃபிம் ஒருவன்தான். படுக்கையில் விழும்வரை சித்தப்பா அவனை வருஷா வருஷம் கூட்டிப்போயிருக்கிறார். சின்னம்மா மட்டும் வேண்டாம் என்றார். "அவனை அவ்வளவு தூரம் ரோட்டுல அனுப்பாதீங்க. அவரு கூட இல்லாம டயர் கடையைத் தாண்டி நான் விட்டதே இல்ல." சிம்பாங் பூலாயில் ஒரு டயர் கடையில் அவன் வேலை பார்த்தான். அந்தப் பக்கம் அதுதான் அவன் தனியாகப் போகும் அதிகபட்சத் தூரம்.

"நான் போறேம்மா. அப்பாவுக்குலா" என்றான். நானும், "கூட நான் இருக்கேனே சின்னம்மா" என்றேன். நான் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேனோ தெரியவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய ரோட்டிலேயே போனான். கம்பார், தாப்பா தாண்டி, பீடோரில் ரோட்டோரம் குவித்திருந்த கொய்யாப்பழத்தில் இரண்டு வாங்கினோம். முகத்தில் காற்றுப் பட அவன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினான். இவ்வளவு தூரம் ஓட்டி ரொம்ப நாளாகிறது என்றான்.

செம்பனைக் காட்டுக்குள் வெயில் இறங்கவில்லை. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். எனக்கு ஐந்து நிமிடத்தில் திசை மறந்துவிட்டது. அவன் ஒரு சிமெண்டுத் தரையைக் கண்டுபிடித்தான். ரப்பர் பாலை எடை போட்ட இடம் அது. அங்கிருந்து மரங்களை எண்ணிக்கொண்டு நடந்து ஓரிடத்தில் நின்றான். "இங்கதாண்ணே. பெரியப்பாவும் அப்பாவும் பொறந்த வீடு." பெரியப்பா என்று அவன் சொன்னது என் அப்பாவை. கரண்டியால் மண்ணைத் தோண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டான்.

அப்போதுதான் பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பையை முடிச்சுப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"என்ன?"

"என்னை வேற யாரோதான் வளக்கப் போறாங்கன்னு."

"சேச்சே. அவங்க தாத்தா பேரா இருக்கும். அங்கயும் தாத்தா பேரை வைக்கிறது உண்டாம்."

"இருக்கும்லா" என்றான். கொய்யாப்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை நீங்க சாப்பிடுங்க என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது தாப்பாவுக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் ஆரஞ்சுக் கூம்புகள், போலீஸ், ஒரு லாரி. காலையில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வண்டியைத் திருப்ப வழியில்லை.

இளம் மலாய்ப் போலீஸ்காரர் முதலில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பிளாஸ்டிக் பை. முகர்ந்தார், விரலால் கிளறினார், என்ன இது என்று கேட்டார். மண் என்றான் துரோஃபிம். எதற்கு? அப்பா குடிப்பதற்கு. போலீஸ்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, வெள்ளைக்காரன் ஒருத்தன் தமிழனுக்கு மண் கொண்டு போகிறான் பார் என்று மலாயில் சொன்னதைத் துரோஃபிம் என்னிடம் தமிழில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், விட்டுவிடுவார்கள் என்று நினைத்து. அடுத்து ஐ.சி. கேட்டார்கள்.

துரோஃபிம் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோஸ்டாட்டை எடுத்தான். ரஷ்ய எழுத்து. அவனாலும் படிக்க முடியாத பிறப்புக் காகிதம் அது. அதிகாரி ஒருவர் வந்தார். அன்றைக்குக் குடிநுழைவுத் துறையோடு சேர்ந்து சோதனையாம். துரோஃபிம் மலாயில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னான். நான் தெரிந்த இங்கிலீஷில் கையெடுத்துக் கும்பிட்டு, சாகக் கிடக்கிறார், ஒரு நாள் விடுங்கள் என்றேன். அதிகாரி என்னையே பார்த்தார். "எனக்கும் அப்பா இருக்கிறார்" என்றார். "ஆனால் பெயரை எழுதியாகிவிட்டது. இங்கே பிறந்தவன் பேரா இது? நானாக எதுவும் செய்ய முடியாது."

லாரியில் ஏறும்போது துரோஃபிம் பையை என் கையில் திணித்தான். "அண்ணே, இதைக் கொண்டு போய் அப்பாவுக்குக் குடுங்க. என்னைப் பத்தி அவருகிட்ட சொல்லாதீங்க. பஸ் அந்தப் பக்கம் நிக்கும்."

எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியவன் நான். அன்றைக்கு ஈப்போ பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூடத் தெரியாமல் நின்றேன். ஒரு மலாய் அம்மாள் என் கையிலிருந்து சில்லறையை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் சின்னம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் அண்ணன் தம்ளரில் மண்ணைக் கரைத்து வடித்தார். நான்தான் கரண்டியால் ஊட்டினேன். கொஞ்சம் உள்ளே போனது, மிச்சம் கடைவாயில் வழிந்தது. சித்தப்பா கண்ணைத் திறந்தார்.

"துரோஃபி எங்க?"

"டயர் கடைக்குப் போயிருக்கான் சித்தப்பா. வந்துருவான்."

வாசலைப் பார்த்தபடி இருந்தார். மண் கரைத்து ஊற்றியும் இரவு முழுக்க மூச்சு நிற்கவில்லை. அவரைப் பிடித்து வைத்திருந்தது மண் இல்லை. அவன் வருவான் என்று காத்துக் கிடந்தார். மறுநாள் காலை சின்னம்மா ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, வாசல் பக்கம் திரும்பியபடியே அடங்கிவிட்டார்.

தாமானில் இருந்த ஒரு பெண் வக்கீல் உதவிக்கு வந்தார். விசாரிக்காமல் விடமாட்டார்கள், இரண்டு வாரத்துக்குக் குறையாது என்றார். ரஷ்யத் தூதரகத்துக்கு எழுதுவார்களாம். அவர்கள் எங்கள் ஆள்தான் என்று ஒப்புக்கொண்டால் அங்கே அனுப்பிவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் தடுப்பு முகாமில் இருக்க வேண்டியதுதான், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. எது நல்லது என்று நான் கேட்டேன். அவனைப் பார்க்க அனுமதி கேட்கிறேன் என்று அவர் போனை எடுத்தார்.

நான் கொள்ளி வைக்க மாட்டேன் என்று கோவிந்தன் அண்ணனிடம் சண்டை போட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், குளிர்பெட்டியில் வையுங்கள், அவன் வரட்டும் என்றேன். அவரும் விடவில்லை. "ரெண்டு வாரமா? பொணத்தை வச்சுக்கிட்டு வேடிக்கை காட்டவா? கடைசியில ரத்தம்தான் வந்து நிக்கும்னு நான் அப்பவே சொன்னேன்." எனக்கு வந்த கோபத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். சின்னம்மாதான் எழுந்து வந்தார்.

"நீங்களே வையுங்க தம்பி. அவர் பாவம், எவ்வளவு நாளைக்குக் கிடப்பாரு?" பிறகு சத்தமில்லாமல் சொன்னார். "அன்னைக்கு முருகன்னு எழுத விட்டிருந்தா இன்னைக்கு அவன் இங்க நின்னிருப்பான். அந்தத் துரோப்பீமு கதையில ஒண்ணு இருக்கு தம்பி. வழியில சீக்கு வந்துருச்சுன்னு அவரை ஒரு ஊர்ல விட்டுட்டுப் போயிடுறாங்க. அப்புறம் என்ன ஆனாருன்னு எழுதல. அதை நான் அவன்கிட்ட சொன்னதே இல்ல."

மறுநாள் எனக்கு மொட்டை அடித்து, மீசை எடுத்து, ஈர வேட்டியோடு குடம் சுமக்க வைத்தார்கள். எங்கள் ஊர் மாதிரி ஆற்றங்கரையில் விறகு அடுக்குவதில்லை. டைல்ஸ் போட்ட கூடம், எரிவாயு அடுப்பு, சுவரில் சாமி படம். சித்தப்பாவின் நெஞ்சில் ஒரு துண்டு சந்தனக்கட்டையில் கற்பூரத்தை ஏற்றி வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள். இரும்புக் கதவு மூடும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாழ்க்கையில் மொத்தமாகப் பத்து நாள் பார்த்த ஒரு மனுஷருக்கு நான் மகனாக இருந்துவிட்டு வெளியே வந்தேன். திருடிய மாதிரி இருந்தது.

அடுத்த நாள் வக்கீல் எங்கெங்கோ பேசி, முகாமில் துரோஃபிமைப் பார்க்க எனக்கு அனுமதி வாங்கினார். அப்பா இறந்த சேதியை அதிகாரிகள் மூலம் முதல் நாளே அவனுக்குச் சொல்லியிருந்தார். வாசலில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, அவன் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பி என்றேன். என் கறுத்த முகத்தை ஒரு தடவை, பாஸ்போர்ட்டை ஒரு தடவை பார்த்தார். தம்பிதான் என்று மறுபடி சொன்னேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தலை மழித்திருந்தது. செம்பட்டை முடி போனதும் வேறு யாரோ மாதிரி இருந்தான்.

"அம்மா சாப்பிட்டாங்களாண்ணே?"

"கொஞ்சம் கஞ்சி குடிச்சாங்க."

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. கடைக்குப் போயிருக்கான்னு சொன்னேன்."

"நல்லதுலா." என் தலையைப் பார்த்தான். "நீங்கதான் வச்சீங்களா?"

"நான்தாண்டா. என்னை மன்னிச்சுரு."

"அதுக்கென்னண்ணே. யாராச்சும் வைக்கணும்லா."

உன்னை ஏன் இப்படி மழித்துவிட்டார்கள் என்று கேட்டேன். பேன் வரும் என்று உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் அடிக்கிறார்களாம். அவன் முறை அடுத்த வாரம்தானாம்.

"சேதி வந்ததும் நான் போய் இன்னைக்கே அடிங்கன்னு கேட்டேன். முடியை எடுத்தாங்க. மீசையையும் எடுங்கன்னேன். இங்க மீசையெல்லாம் எடுக்கறதில்ல, எதுக்குன்னு அந்த ஆளு கேட்டான்." உதட்டுக்கு மேலே விரலை வைத்தான். அவசரத்தில் இழுத்த பிளேடு இரண்டு இடத்தில் கீறியிருந்தது. "எங்கப்பா செத்துட்டாரு, நான்தான் மகன்னு சொன்னேன்."